பல்பம் தின்னும் பிள்ளைகள்

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். என் நான்காம் வகுப்பில் சாக்பீஸ் டப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது. பையன்கள் யாரோ சுவரில் கிறுக்கத் திருடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் 'நறநற' என்று சத்தம். திரும்பினேன். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெண் சட்டென்று வாயை மூடினாள். உதட்டோரம் வெள்ளை.

"வீட்டுல சோறு போடலையா?" என்று கேட்டேன்.

வகுப்பு சிரித்தது. கோபத்தில் வாயில் வந்த வார்த்தைதான். ஆனால் மணி அடிப்பதற்குள் அவளுக்கு 'சாக்பீஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவள் அம்மா கூட்டிவந்தார். "பல்பம், அடுப்புச் சாம்பல், விபூதி, எது கெடச்சாலும் தின்னுடுறா டீச்சர். வாயில சூடு வைப்பேன்னுகூட மெரட்டிட்டேன். நீங்களும் ரெண்டு போடுங்க" என்றார். நான் அடிக்கவில்லை. ஆனால் அது கெட்ட பழக்கம் என்பதில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

நவம்பரில் நடமாடும் மருத்துவக் குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. உயரம், எடை, கண், பல் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த மருத்துவர், அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பிறகு அவளிடம் கேட்காமல் என் பக்கம் திரும்பி, "மண்ணு, அரிசி, சாக்பீஸ்னு ஏதாவது திங்குறாளா மேடம்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மாதமாக நான் ஒழுக்கப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்ததை, அவர் ஒரு நோய்க்குறியாகக் கேட்கிறார்!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.6.

இந்த எண்ணின் பொருள் நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்பதே கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 5 முதல் 11 வயதுவரை 11.5, 12 முதல் 14 வயதுவரை 12 இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ரத்தசோகை. 8க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அதாவது, அந்தப் பெண் கடுமையான நோயோடுதான் தினமும் நடந்து வந்து, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, நான் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் நின்றிருக்கிறாள். அவளைப் பற்றிய என் பதிவேட்டில் 'கவனக் குறைவு, சுறுசுறுப்பு போதாது' என்று எழுதியிருந்தேன். விளையாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சோம்பேறி என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். மூளைக்குப் போகும் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதைத் தவிர, கவனத்துக்கும் நினைவுக்கும் மூளை செய்யும் வேதி வேலைகளுக்கே இரும்பு வேண்டும். இரும்பு குறைந்த பிள்ளையிடம் கவனத்தை எங்கிருந்து கேட்பது?

உணவல்லாத பொருளை விடாமல் தின்னும் இந்தப் பழக்கத்துக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். கண்டதையெல்லாம் கொத்தித் தின்பதாகக் கருதப்பட்ட ஒரு பறவையின் லத்தீன் பெயர் அது. சாக்பீஸ், பல்பம், செங்கல் பொடி, மண், சாம்பல், சுண்ணாம்பு, காகிதம் எல்லாம் இதில் அடங்கும். பச்சரிசி உணவுதானே என்று கேட்கலாம். வேகவைக்காத அரிசியை நாள்தோறும் கைப்பிடி கைப்பிடியாகத் தின்பதையும், பனிக்கட்டியை ஓயாமல் கடிப்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறார்கள். பனிக்கட்டி ஆசைக்கும் இரும்புக் குறைவுக்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது. இரும்பு மாத்திரை தொடங்கிச் சில நாட்களிலேயே, ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, அந்த ஆசை போய்விடுவதுண்டு. இரும்பு குறையும்போது இரும்பே இல்லாத பொருள் மேல் ஏன் ஆசை வருகிறது என்பதற்கு மருத்துவ உலகம் இன்னும் ஒரே விடையைச் சொல்லவில்லை.

பழக்கம் புதிதல்ல. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னன் ஒருவனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணை மசக்கை கொண்ட பெண்கள் விரும்பித் தின்றால் உண்டு, பகைவர் அதைத் தொட முடியாது என்கிறார். கர்ப்ப காலத்தில் இரும்புத் தேவை கூடுகிறது. மண் ஆசையும் அப்போதுதான் அதிகம் வருகிறது. புலவர் கண்ணில் பட்டது நம் கண்ணிலும் படலாம்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். அரிசி புடைக்கும்போது ஒரு வாய், ஊறவைத்த அரிசியில் ஒரு வாய் என்று சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம். "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்டி" என்று ஆச்சி திட்டுவார். மழை வரவில்லை. பழக்கமும் போகவில்லை. நாற்பது வயதிலும் டிபன் டப்பாவின் சின்ன அடுக்கில் அரிசி கொண்டுபோய், ஓய்வு வேளையில் நோட்டுத் திருத்திக்கொண்டே மெல்லுவேன். சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள், நானும் சிரித்துக்கொள்வேன். அந்தப் பெண்ணுக்கு 7.6 என்று தெரிந்த அன்று, வெட்கத்தோடு நானும் ரத்தம் கொடுத்தேன். 9.1. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதாகிவிட்டது என்று கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்! நானாவது கேலியைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே போகும்?

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "கால்சியம் குறைஞ்சிருக்கும், அதான் சாக்பீஸ் திங்குது" என்று யாராவது சொல்வார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இரும்பு. இன்று நாம் எழுதும் சாக்பீஸில் பெரும்பாலும் இருப்பது ஜிப்சம். அது உடம்புக்கு உணவாகாது. சில வகைக் களிமண்ணோ சோற்றில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மண்ணோடு உருண்டைப்புழுவின் முட்டைகளும் உள்ளே போகின்றன. கொக்கிப்புழு வேறு வழியில் வரும். செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். ரத்தம் குறையக் குறைய மண் ஆசை. சுவரிலிருந்து உதிரும் பழைய பெயின்ட் பொருக்கைத் தின்றால் ஈயம் சேர்ந்து மூளையையே பாதிக்கலாம். தலைமுடியைத் தின்னும் பிள்ளைகளும் உண்டு. முடி செரிக்காது, இரைப்பையில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சைவரை கொண்டுபோகும். அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அதே சமயம், பல்பத்தைக் கடிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் ரத்தசோகை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. நம்மில் பல்பம் ருசி பார்க்காதவர் யார்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சில் முனையைக் கடிப்பது வேறு. ஒரு மாதத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், ஒளித்து வைத்துத் தின்பது வேறு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளிடமும், வீட்டில் பெரும் மன அழுத்தம் உள்ள பிள்ளைகளிடமும் இது வரலாம். எது என்று கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. நாம் கவனிக்க வேண்டியது கீழ் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா, நகம் கரண்டிபோல் குழிந்திருக்கிறதா, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறதா என்பதைத்தான். பார்த்ததைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிட்டால் போதும்.

அவளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்து, மருத்துவமனையில் இரும்புச்சத்து மருந்து தொடங்கினார்கள். வீட்டில் என்ன சாப்பிடுகிறாள் என்று அப்போதுதான் விசாரித்தேன். காலையில் டீ, அதில் தொட்டு இரண்டு ரஸ்க். மாலையில் மீண்டும் டீ. மதியம் சத்துணவு. அதிலும் கீரை, பயறு என்றால் ஓரத்தில் ஒதுக்கிவிடுவாள். அம்மா விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கீரை, தானியங்களில் உள்ள இரும்பு உடம்பில் சேருவதே குறைவு. டீயில் உள்ள டானின் அதையும் தடுத்துவிடும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றில் உள்ள வைட்டமின் சி நேர்மாறாக இரும்பைச் சேர்த்துவிடும். எங்கள் ஊரில் கொய்யா மலிவு, நெல்லிக்காய் பள்ளி வாசலிலேயே விற்கும். பீட்ரூட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். அதன் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அதில் இரும்பும் குறைவு. கறி எடுக்கும் வீடாக இருந்தால் ஈரலும் சுவரொட்டியும் நல்லது. சுவரொட்டி விஷயத்தில் நம் பாட்டிமார் சொன்னது சரிதான்.

இனி, நாம் வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரை. 5 முதல் 9 வயதுவரை இளஞ்சிவப்பு, 10 முதல் 19 வயதுவரை நீலம். நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பதிவேட்டில் எங்கள் பள்ளி நூற்றுக்கு நூறு. ஒரு வியாழக்கிழமை வகுப்பறைக்குப் பின்னால் போனேன். ஜன்னலுக்கு நேர் கீழே, மழையில் கரைந்த நீலத் திட்டுகள். எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. கேட்டபோது ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: வயிறு வலிக்கிறது, குமட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது. கடைசிக் காரணத்தைச் சொன்ன பெண்ணின் வீட்டில் பயந்தே போயிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கருப்பது இயல்பு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான். இப்போது காலை வேளையில் வெறும் வயிற்றில் கொடுப்பதில்லை. மதிய உணவு முடிந்ததும், தண்ணீரோடு, கண் முன்னால். நானும் அவர்களோடு நின்று என் மாத்திரையை விழுங்குகிறேன். ஜன்னலுக்குக் கீழே இப்போது நீலம் இல்லை.

எப்படிக் கேட்பது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று. "யார் யார் மண் தின்னுறீங்க?" என்றால் ஒரு கையும் உயராது. ஒருநாள் என் டிபன் டப்பாவைத் திறந்து காட்டி, "டீச்சருக்குப் பச்சரிசி தின்னுற பழக்கம் இருக்கு. டாக்டர்கிட்டப் போய் மருந்து சாப்பிடுறேன்" என்றேன். சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. பிறகு ஓய்வு வேளையில் ஒவ்வொருவராக மேசைப் பக்கம் வந்து நின்றார்கள். ஒருத்திக்குச் செங்கல் துண்டு, ஒருவனுக்கு மழை பெய்ததும் எழும் மண்வாசம் வந்தால் சுவரை நக்க வேண்டும், இன்னொருத்திக்கு விபூதி. அந்த ஆண்டு என் வகுப்பில் மட்டும் நான்கு பேரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்தது. நான்காமவன் நன்றாகத்தான் இருந்தான், சுவர் வாசம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் பிள்ளைகளுக்கு வேறு பல விநோதங்களும் உண்டு. பொரியலில் குழம்பு பட்டுவிட்டால் தொடாதவன், முட்டையைக் கடைசி வாய்க்கு வைத்துக் காவல் காப்பவள், எதையும் முகர்ந்து பார்த்துவிட்டே வாயில் வைப்பவன். இவற்றையெல்லாம் நான் இப்போது கண்டுகொள்வதில்லை. கீரைக் கசப்பு சிலருக்கு உண்மையிலேயே அதிகம் தெரியும். 1930களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு பொடியைக் குப்பியில் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸின் நாக்குக்கோ ஒன்றுமே தெரியவில்லை. அந்தச் சிறு சச்சரவில் தொடங்கிய ஆராய்ச்சிதான், கசப்பை உணரும் திறன் பரம்பரையாக வருகிறது என்று காட்டியது. அகத்திக்கீரையை ஒதுக்கும் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று நினைப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்கிறேன். ஒதுக்கினாலும் திட்டாமல், பத்துப் பன்னிரண்டு முறை கொஞ்சமாக வைத்துக்கொண்டே வந்தால் பல பிள்ளைகள் தின்னப் பழகிவிடுகிறார்கள்.

மருந்து தொடங்கி மூன்றாம் வாரத்தில் சாக்பீஸ் டப்பா காலியாவது நின்றது. பட்டப்பெயர் போகத்தான் அதைவிட நாளாயிற்று. வகுப்பு முன்னால் நான் ஆரம்பித்ததை, வகுப்பு முன்னால் நானே தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. மார்ச்சில் அவளுக்கு 10.8. அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, 2023 ஆகஸ்டில், காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. டீயும் ரஸ்க்கும் இருந்த இடத்தில் கிச்சடியும் சாம்பாரும் வந்தன. அடுத்த முறை பார்த்தபோது 12ஐத் தொட்டிருந்தாள்.

இப்போது அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் அலுவலகத்திலிருந்து சாக்பீஸ் டப்பா எடுத்துவந்து என் மேசையில் வைத்தவள், போகாமல் நின்றாள்.

"இன்னும் அரிசி திங்குறீங்களா டீச்சர்?"

"இல்லம்மா" என்றேன். டிபன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.