பொருள்வயிற் பிரிந்த ஆட்டக்காரர்

அகப்பொருள் பயில்வோர் பொருள்வயிற் பிரிவு என்பதனை நன்கறிவர். தலைவன் பொருளீட்டும் பொருட்டுச் சுரங் கடந்து செல்வான். தலைவி இல்லிருந்து வருந்துவாள். பொருள் முடித்து மீள்வான் என்னும் நம்பிக்கையொன்றே அவளைத் தாங்கி நிற்கும். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது காதலர் பிரிவைக் குறித்தன்று, பந்தாட்டக் கழகங்களின் பிரிவைக் குறித்து. தம்மைப் பயிற்றி வளர்த்த கழகத்தை விடுத்துப் பொருள் மிக்க கழகத்தை நாடிச் செல்லும் ஆட்டக்காரர் எல்லா நாட்டிலும் உளர். ஆயினும், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்து ரக்பி லீக் கழகங்கட்கு நேர்ந்ததிற் போல, நோயும், நோயின் முதலும், அதற்குச் செய்த மருந்தும், அம்மருந்தின் குறையும் ஒருங்கே தெளிவுறக் காணக் கிடைப்பது அரிது. ஆகலின் அதனையே எடுத்துக்கொண்டோம்.

நம் திடலில் ஆடப்படாத ஆட்டமாதலின் ரக்பி லீக் இன்னதென்று முதற்கண் கூறுதல் வேண்டும். முட்டை வடிவினதாகிய பந்தைக் கையிலேந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டிற்கு அப்பால் நிலத்திற் பதித்தலே இதன் நோக்கம். பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பின்வரும் தோழர்க்கே எறிதல் வேண்டும். ஏந்தி வருவோனை எதிரிகள் பிடித்து வீழ்த்துவர். பழைய ரக்பி யூனியன் ஆட்டத்தில் அணிக்குப் பதினைவர். லீக் ஆட்டத்திற் பதின்மூவர்.

இவ்விரண்டும் பிரிந்த வரலாறும் பொருளைப் பற்றியதே. இங்கிலாந்தின் வடபகுதியிலே ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தோர், ஆட்டத்திற்காக வேலைக்குச் செல்லாத நாளின் கூலியை இழந்தனர். அவ்விழப்பை ஈடுசெய்தல் வேண்டுமென்று வடநாட்டுக் கழகங்கள் கேட்டன. தென்னாட்டுச் செல்வர் மறுத்தனர். 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், ஹடர்ஸ்பீல்டு நகரத்து ஜார்ஜ் விடுதியிற் கூடி, இருபதிற்கு மேற்பட்ட கழகங்கள் பழைய சங்கத்தினின்றும் பிரிந்தன. 1898-இல் ஆட்டத்திற்கு ஊதியம் வெளிப்படையாகவே வழங்கப்பட்டது. 1906-இல் பதின்மூவர் ஆடும் முறை வந்தது. ஆகவே, கூலிப் பேச்சிலே பிறந்த ஆட்டம் இது. பின்னாளில் இதன் கழகங்களே வேல்ஸ் நாட்டு யூனியன் வீரரைப் பொருள் காட்டி அழைத்துக்கொண்டன. கார்டிஃபிற் பிறந்த பில்லி பாஸ்டன் 1953-இல் விகன் கழகத்திற்குச் சென்றார். ஜோனதன் டேவிஸ் 1989-இல் விட்னஸ் சென்றார். யூனியன் ஆட்டம் 1995 வரை ஊதியமற்றதாக இருந்தமையின், அவ்வீரரை இழந்த வேல்ஸ் ஊர்க்கழகங்கட்கு ஒரு காசும் ஈடாகக் கிடைத்ததில்லை. அன்று எடுத்தவர் பின்னர்க் கொடுக்கவும் நேர்ந்தது என்க.

நிற்க. ஆஸ்திரேலியாவில் இவ்வாட்டம் 1908-இல் வேரூன்றியது. நியூ சௌத் வேல்ஸின் தலைநகராகிய சிட்னி ஒரு நிலைக்களம். அதற்கு வடக்கே குவீன்ஸ்லாந்தின் தலைநகராகிய பிரிஸ்பேன் மற்றொன்று. தொடக்கத்திற் குவீன்ஸ்லாந்தார் ஆற்றலிற் குறைந்தவரல்லர். 1924, 1925 ஆண்டுகளில் டூவும்பா என்னும் உள்நாட்டுச் சிறு நகரின் அணி நியூ சௌத் வேல்ஸ் மாநில அணியையே வென்றது. இதனை யாம் எடுத்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. பிற்காலத்திற் குவீன்ஸ்லாந்து தொடர்ந்து தோற்றபொழுது, அந்நாட்டார்க்கு இயல்பிலேயே திறமில்லை என்று எண்ணியவர் பலர். திறம் இருந்தது; அது குடிபெயர்ந்து சென்றது.

குடிபெயர்த்த கருவி யாதெனின், ஓர் இயந்திரம். 1956-இல் நியூ சௌத் வேல்ஸ் அரசு, பதிவுபெற்ற மனமகிழ் கழகங்கள் போக்கர் இயந்திரம் வைத்துக்கொள்ளலாமென்று சட்டஞ் செய்தது. காசை உள்ளே இட்டுப் பிடியை இழுத்தால் உருளைகள் சுழலும். படங்கள் ஒத்து நின்றால் காசு வரும், இல்லையேற் போகும். பெரும்பாலும் போகும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. சிட்னியின் ஒவ்வொரு பந்தாட்டக் கழகத்தையும் அடுத்து, உணவும் குடியும் பொழுதுபோக்கும் வழங்கும் லீக் கழகம் ஒன்று உண்டு. இயந்திரத்தின் வருவாய் அதற்குச் சென்றது. அங்கிருந்து ஆட்டக்காரரின் ஊதியமாகப் பாய்ந்தது. செயின்ட் ஜார்ஜ் கழகத்தார் 1963-இல் திறந்த மாளிகைக்குச் சிட்னி மக்கள் 'தாஜ்மகால்' என்றே பெயரிட்டழைத்தனர். ஷாஜகான் கேட்பின் என் சொல்வானோ அறியோம். குவீன்ஸ்லாந்து அரசோ இவ்வியந்திரங்கட்கு இடங்கொடுத்தது 1992-இலேதான். எனவே முப்பத்தாறு ஆண்டுகள், ஓர் எல்லைக்கோட்டின் ஒரு புறத்துக் கழகங்கட்கு வற்றாத ஊற்றும், மறு புறத்துக் கழகங்கட்கு நுழைவுச் சீட்டின் சில்லறையுமே முதலாக இருந்தன. பயிற்சியிலோ உழைப்பிலோ உண்டான ஏற்றத்தாழ்வன்று இது, சட்டத்தால் விளைந்தது.

ஆர்தர் பீட்சன் என்பார் வரலாறு இதனை நன்கு விளக்கும். அவர் குவீன்ஸ்லாந்தின் உட்பகுதியிலுள்ள ரோமா என்னும் ஊரிற் பிறந்தவர். பிரிஸ்பேனுக்கு வடக்கே கடலோரத்துள்ள ரெட்கிளிஃப் கழகம் 1965-இல் தன் முதற் பட்டத்தை வென்றபொழுது அவ்வணியில் ஆடினார். மறு ஆண்டே சிட்னியின் பால்மெய்ன் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பின்னர் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கழகத்தின் தலைவராய் 1974, 1975 ஆண்டுகளிற் பட்டம் வென்றார். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களுள் நாட்டின் அணிக்குத் தலைமை பூண்ட முதல்வரும் அவரே. இத்தகையாரைச் சிறு கழகம் ஒன்று இழந்தமை ஓரிழப்பு. அதனினும் கொடிது ஒன்றுண்டு. அக்காலத்து மாநிலங்களுக்கிடையேயான ஆட்டத்தில், ஒருவர் எங்கே பிறந்தார் என்பதனை நோக்காது, எம்மாநிலத்துக் கழகத்தில் ஆடுகின்றார் என்பதனையே நோக்கினர். ஆகவே சிட்னி சென்ற குவீன்ஸ்லாந்தர், நியூ சௌத் வேல்ஸின் உடையணிந்து தம் தாய்நிலத்தாரையே எதிர்த்தாட நேர்ந்தது. பீட்சனும் அவ்வாறே ஆடினார். வளர்த்தவர்க்கு வீரனும் போனான். போனவன் அவர்க்கே பகையாயும் வந்தான்.

இனி, செல்வோரைச் சட்டத்தாற் கட்டி நிறுத்தலாகாதோ என வினவலாம். சிட்னியிலும் அத்தகைய கட்டு இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கழகம் தன் ஆட்டக்காரரை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். வேறு கழகம் வேண்டின் மாற்றுப்பணம் கொடுத்தே பெறுதல் வேண்டும். பால்மெய்ன் கழகத்து டெனிஸ் டட்டி என்பார் இதனை ஏற்காது 1969-ஆம் ஆண்டு முழுவதும் ஆடாதிருந்து, வழக்காடினார். அவ்வழக்கு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒருவர் தம் தொழிலைச் செய்வதற்குத் தகாத தடை இக்கட்டு என்று 1971-இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு நேரியதென்றே யாம் கருதுகின்றோம். ஒப்பந்தம் முடிந்தவன் அடிமையல்லன். குறுகிய சில ஆண்டுகளே உடல் தாங்கும் இவ்வாட்டத்தில், கிடைக்கும் ஊதியத்தை வேண்டாவென்று இருக்கச் சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் வளர்த்த கழகம் ஈடு பெறுதற்கு இருந்த வழி அம்மாற்றுப்பணமே. நீதி ஒரு பக்கம் நிறைந்தபொழுது மற்றொரு பக்கம் குறைந்தது. அக்குறையை நிரப்ப எவரும் அன்று முன்வந்திலர்.

மாற்று வேறோர் ஆட்டத்தினின்றும் வந்தது. 1977-இல் மேற்கு ஆஸ்திரேலியர், 'ஆஸ்திரேலிய விதி' எனப்படும் தம் நாட்டுக் காற்பந்தாட்டத்தில், விக்டோரியா மாநிலத்திற்குப் பெயர்ந்த தம் வீரரைப் பிறந்த மண்ணிற்காக ஆட அழைத்துப் பெருவெற்றி கண்டனர். குவீன்ஸ்லாந்து லீக்கின் தலைவரும் மேலவை உறுப்பினருமான ரான் மெக்காலிஃப் அம்முறையைத் தம் ஆட்டத்திற்கும் கொணர முயன்றார். 1980-இல் முதலிரண்டு ஆட்டங்கள் பழைய முறைப்படியே நிகழ, நியூ சௌத் வேல்ஸ் 35-3 என்றும் 17-7 என்றும் வென்றது. சிட்னியில் நடந்த இரண்டாம் ஆட்டத்தைக் காண வந்தோர் 1,638 பேரே. முடிவு முன்னமே தெரிந்த ஆட்டத்தை யார் காண்பர்? மூன்றாவது மட்டும் பிறப்பிட முறைப்படி, ஜூலை 8-ஆம் நாள், பிரிஸ்பேனின் லாங் பார்க் அரங்கில் நடந்தது. வந்தோர் 33,210 பேர்.

அன்று குவீன்ஸ்லாந்திற்குத் தலைமை தாங்கி வந்தவர் பீட்சன். அகவை முப்பத்தைந்து, குவீன்ஸ்லாந்தின் உடையை அவர் அணிந்தது அதுவே முதன்முறை. சிட்னியினின்று கெர்ரி பூஸ்டெட், ராட் ரெட்டி முதலியோரும் மீண்டு வந்தனர். உள்ளூரிலிருந்த வாலி லூயிஸ், கிறிஸ் குளோஸ் முதலிய இளைஞரும் உடன் ஆடினர். அன்றுதான் இருபதாண்டு நிறைந்த மால் மெனிங்கா, உதைத்த ஏழு உதையையும் தவறாது கம்பங்களினூடே செலுத்தினார். பாராமட்டாக் கழகத்தில் தம்மோடு ஓரணியில் ஆடிய மிக் குரோனினையும் பீட்சன் தயங்காது எதிர்த்து மோதினார். குவீன்ஸ்லாந்து 20-10 என வென்றது. 1982 முதல் மூன்று ஆட்டங்களும் இம்முறைப்படியே நடைபெறலாயின. இன்று அந்நாட்டில் இவ்வாட்டத்தினும் மிக்க ஆர்வத்தோடு காணப்படும் லீக் ஆட்டம் வேறில்லை எனலாம்.

பலரும் வரலாற்றை இவ்விடத்தோடு நிறுத்துவர். யாம் சற்று மேலுஞ் செல்ல விரும்புகின்றோம். பிறப்பிட முறை மாநிலத்தின் மானத்தை மீட்டது. கழகத்தின் கணக்கேட்டை மீட்டதன்று. ஆண்டிற்கு மூன்று இரவு வீரன் மீண்டு வருவான். எஞ்சிய நாளெல்லாம் சிட்னிக்கே உரியவன். பிரிஸ்பேனின் சௌத்ஸ் கழகம், வெய்ன் பென்னட் என்பாரைப் பயிற்சியாளராகக் கொண்டு 1985-இல் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டே அதன் மெனிங்காவும் கேரி பெல்ச்சரும், சிட்னிப் போட்டியிற் சேர்ந்திருந்த கான்பெரா அணிக்குச் சென்றனர். அதற்கு அடுத்த ஆண்டு பென்னட்டும் சென்றார். ஒரு கழகம் தன் வெற்றியாலேயே வெறுமையாயிற்று.

1988-இல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் என்னும் புதிய அணி சிட்னிப் போட்டியிற் புகுந்தது. சிறந்தோர் இனி வீட்டிலிருந்தே ஆடலாம் என்று மக்கள் மகிழ்ந்தனர். 1992-இல் அவ்வணி பட்டமும் வென்றது. ஆனாற் கூட்டமும், விளம்பரமும், செய்தித்தாளின் பக்கங்களும் அப்புதிய அணியையே சூழ்ந்தன. தொலைவிலுள்ள செல்வன் செய்த இழப்பினும், அடுத்த தெருவிற் குடியேறிய செல்வன் செய்த இழப்பு மிகுந்தது. பிரிஸ்பேன் போட்டியிற் பிற எக்கழகத்தினும் மிகுதியாகப் பட்டம் வென்ற வாலீஸ் கழகம், 1990-களின் இடையிலே முதற்றர ஆட்டத்தினின்று மறைந்தது. அதனை ஒழிக்க வேண்டுமென்று எவரும் நினைத்திலர். ஒழிந்ததை நிறுத்தவும் எவரும் முயன்றிலர்.

வேறு மருந்துகளும் ஆய்ந்து பார்க்கப்பட்டன. 1990-இல் சிட்னி லீக்கார், கழகம் வீரர்க்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்திற்கு ஒரு வரம்பு கட்டினர். உடனே, வலியற்ற கழகங்கள் முன்னதாக வீரரைத் தெரிந்தெடுக்கும் பங்கீட்டு முறையையும் வகுத்தனர். வீரரின் விருப்பைப் பாராத அம்முறையை 1991-இல் நீதிமன்றம் தள்ளிற்று. வரம்பு மட்டும் நிலைத்தது. ஆனால் அவ்வரம்பு ஒரு போட்டிக்குள்ளிருக்கும் கழகங்களைத் தம்முள் ஒப்பாக்குமேயன்றி, வெளியேயுள்ள ஏழைப் போட்டியை என் செய்யும்? இங்கிலாந்துக் கழகங்களே சான்று. அங்கே ஊதிய வரம்பு ஏறத்தாழ 21 இலட்சம் பவுன். ஆஸ்திரேலியத் தேசியப் போட்டியில் 2023-ஆம் ஆண்டு வரம்பு 121 இலட்சம் டாலர், அஃதாவது ஏறக்குறைய மும்மடங்கு. பிராட்ஃபோர்டு கழகத்து சாம் பர்ஜஸ் 2010-இல் சௌத் சிட்னிக்குச் சென்று, 2014-இன் இறுதியாட்டத்திற் கன்ன எலும்பு முறிந்தும் ஆடிப் புகழ் கொண்டார். அவரை வளர்த்த பிராட்ஃபோர்டுக் கழகமோ 2017-இல் கடனால் கலைக்கப்பட்டு, புதிதாக அமைய நேர்ந்தது. ஒரு வீரர் சென்றமையே இதற்குக் காரணமென்று கூறுதல் மிகையாகும். ஆயினும் செல்வோர் செல்ல, இருப்போர் நலிதல் அங்கும் கண்கூடு.

யாம் அறிந்தவற்றுள், உலகக் காற்பந்துச் சங்கம் 2001-இல் வகுத்த முறையே நெறியோடு பொருந்துவது. ஒருவர் ஒரு நாட்டுக் கழகத்தினின்று மற்றொரு நாட்டுக் கழகத்திற்கு விலைக்கு மாறுங்கால், அவ்விலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அவரைப் பன்னிரண்டாம் அகவை முதல் இருபத்துமூன்றாம் அகவை வரை பயிற்றிய கழகங்கட்குப் பகிரப்படும். வீரனைக் கட்டுவதுமில்லை, வளர்த்தவரை மறப்பதுமில்லை. பங்கு சிறிது என்பாரும் உளர். சிறிதாயினும், பந்தும் விளக்கும் வாங்க இயலாத ஊர்க்கழகத்திற்கு அது பெரிது.

ரெட்கிளிஃபின் செய்தியைச் சொல்லாதுவிடின் இக்கட்டுரை குறைபடும். பீட்சனை 1966-இல் இழந்த அக்கழகம் வாலீஸைப் போல மறைந்திலது. 1992-க்குப் பின் அதுவும் தன் போக்கர் இயந்திரங்களைப் பெற்றது. பின்னர் நிலமும் அங்காடி வளாகமும் உடையதாயிற்று. அச்செல்வத்தைக் காட்டியே, டால்பின்ஸ் என்னும் பெயரோடு தேசியப் போட்டியில் இடம் வேண்டிப் பெற்றது. முதற் பயிற்சியாளர் அதே வெய்ன் பென்னட். 2023 மார்ச்சு 5-ஆம் நாள் லாங் பார்க்கில், பீட்சனின் சிலை நிற்கும் அவ்வரங்கிலே, தன் முதல் ஆட்டத்தை ஆடி 28-18 என வென்றது. தோற்ற அணி சிட்னி ரூஸ்டர்ஸ். அஃதாவது, பீட்சன் தலைமை தாங்கிய பழைய ஈஸ்டர்ன் சபர்ப்ஸ். வென்ற அணியின் முன்வரிசையோரிற் பலர் மெல்போர்ன் கழகத்திற் புகழ் பெற்று, அதனை விட்டு வந்தவர்.