தோப்பு பிளாட்டாக மாறினால் அணில் எந்த வழியாகப் போகும்?

ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புப் பக்கமும் காடு சட்டென்று தொடங்குவதில்லை. மா, தென்னை, புளி என்று தோப்புகளாக வந்து அப்படியே மலையேறிவிடும். அந்தத் தோப்புகள் சாம்பல் நிற மலை அணிலின் வீடும்கூட.

உலகில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த அணிலுக்காக 1988-ல் இங்கே சரணாலயம் அமைந்தது. 2021-ல் மேகமலையும் சேர்ந்து, சுமார் 1,016 சதுர கி.மீ. பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. மலைக்கு நல்ல காவல் கிடைத்துவிட்டது. அடிவாரத் தோப்புகளோ பட்டா நிலம்; அவற்றின் கதி உரிமையாளர் கையில்.

இந்த அணில் தரைக்கு வருவது அபூர்வம். இரை தேடுவதும் தப்பி ஓடுவதும் கிளைவழியேதான். கூடு கட்டக்கூட, நாலாபுறமும் பக்கத்து மரங்களோடு கிளை கோத்து நிற்கும் மரத்தையே விரும்பும். எனவே எத்தனை மரம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் போதாது. நடுவே ஒரு வரிசையை வெட்டிப் பாதை போட்டாலே, மிச்ச மரங்கள் நின்றும் அணிலுக்கு வழி அறுந்துவிடும்.

தோப்பு மனையாவதைத் தடுக்க, மலைப்பகுதிக் கட்டுமானங்களை ஒழுங்குபடுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது; ஆனால் அதன் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட கிராமங்களுக்குத்தான். மற்ற ஊர்களில் விளைநிலத்தை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும். சர்வே எண் சர்வே எண்ணாக அனுமதி தந்தால் தொடர்ச்சி கண்ணில் படாது. மலையோடு ஒட்டிய தோப்புகளை முழுமைத் திட்ட வரைபடத்திலேயே குறித்து, அங்கே மனைப்பிரிவு கூடாது என்று எழுதிவிட வேண்டும்.

அதற்காக விவசாயியை மட்டும் நஷ்டப்படச் சொல்வது நியாயமல்ல. யானை தென்னையைச் சாய்க்கிறது, அணில் இளநீரைக் குடைகிறது, மா காய்ப்புக் குறைகிறது. மனைக்கு விலை பேச ஆள் வந்து நிற்கிறார். அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம், பிழைத்த கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்றாண்டு தருகிறது. வளர்ந்த தோப்பை வெட்டாமல் காப்பவருக்கும் அதுபோல ஆண்டுத் தொகை வேண்டும். இங்கிலாந்தில் உயிர்வேலியைப் பராமரிக்கும் விவசாயிக்கு அரசு பணம் தருகிறது. கட்டுவோருக்கும் அங்கே பொறுப்பு உண்டு: 2024 பிப்ரவரி முதல் பெரிய கட்டுமானங்களை எழுப்புவோர், அந்த இடத்தில் முன்பிருந்ததைவிட 10 சதவீதம் கூடுதலான இயற்கை வளத்தை உருவாக்கித் தர வேண்டும்.

தோப்பைப் புதுப்பிக்கும் விவசாயிகளே, ஒரே பருவத்தில் மொத்தமாக வெட்டாதீர்கள். கன்று தலையெடுத்த பிறகு பக்கத்துக் கிழமரத்தை எடுங்கள். வரப்புப் புளியை விட்டுவையுங்கள்.