விலை கூடிய பெற்றோல் நல்ல பெற்றோலா?

கடந்த மாசி மாதத்து மாலையொன்றில், ஸ்காபரோவிலுள்ள எரிபொருள் நிலையமொன்றில் அன்பர் ஒருவரைச் சந்தித்தேன். ஊரில் என்னிடம் கல்வி கற்றவர். இங்கு வந்து பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கின்றார். அண்மையிலேதான், ஒருவர் பாவித்த 2019ஆம் ஆண்டு லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். 350 வாகனத்தைத் தவணைக் கடனில் வாங்கியிருந்தார். பெற்றோல் நிரப்பும் இயந்திரத்தில் 87, 89, 91 என மூன்று பொத்தான்கள். அவர் தயங்காமல் 91ஐ அழுத்தினார். ஏன் என்று கேட்டேன்.

“இவ்வளவு காசு குடுத்து வாங்கின வாகனம், சேர். மலிவான எண்ணெயை ஊத்தி எஞ்சினைப் பழுதாக்கலாமே?” என்றார்.

இது அவர் ஒருவருடைய அச்சமன்று. எம்மவரிற் பலர் இவ்வாறே எண்ணுகின்றனர். விலை கூடியது தரத்திலும் கூடியதாகவே இருக்கும் என்பது சந்தை எமக்குக் கற்றுத் தந்த பாடம். ஆயினும் பெற்றோல் விடயத்தில் அப்பாடம் பிழைத்துவிடுகின்றது. 87க்கும் 91க்கும் இடையே லீற்றருக்கு 25 சதம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வாரமொருமுறை 70 லீற்றர் நிரப்புபவர் வாரத்துக்குப் பதினேழரை டொலரும், ஆண்டுக்கு 910 டொலரும் மேலதிகமாகச் செலுத்துகின்றார். ஆனால் அவருடைய வாகனத்தின் கையேடு கேட்பதோ 87 மட்டுமே.

அவ்வாறாயின் அந்த எண் எதனைக் குறிக்கின்றது? இயந்திரத்தின் உருளைக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. பின்னர் பிளக்கிலிருந்து தீப்பொறி எழ, தீ ஒழுங்காகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. சில வேளைகளில் தீ வந்து சேருமுன்னரே, எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானாகவே வெடித்துவிடும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி அப்போது கேட்கும். இது தொடர்ந்தால் பிஸ்டன் பழுதடையும். இவ்வாறு தானாக வெடிப்பதை எரிபொருள் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கான அளவே ஒக்டேன் எண். ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என வகுக்கப்பட்ட இவ்வளவுகோல் 1920களிலிருந்து வழக்கிலுள்ளது. எரிபொருளின் சக்தியையோ சுத்தத்தையோ அது அளப்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின், குடாநாட்டில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத பொருளாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் எழுந்த அப்புகையின் மணம் எம் தலைமுறையினரின் நாசியில் இன்றும் இருக்கின்றது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. அப்படியிருந்தும் அக்கார்கள் ஓடியமைக்குக் காரணம், அவற்றின் இயந்திரங்கள் கலவையை ஏறத்தாழ ஏழு அல்லது எட்டு மடங்கே அமுக்கின என்பதுதான். இன்றைய இயந்திரங்கள் பல பத்து மடங்குக்கும் மேலாக அமுக்குகின்றன. ரேர்போ பூட்டிய இயந்திரங்களில் காற்று முன்கூட்டியே அமுக்கப்பட்டு உள்ளே செல்கின்றது. ஆகவே எந்த ஒக்டேன் வேண்டும் என்பதை இயந்திரத்தின் அமைப்பே தீர்மானிக்கின்றது. வாகனத்தின் விலையோ சின்னமோ அதனைத் தீர்மானிப்பதில்லை.

இன்னொரு மயக்கத்தையும் இங்கு தெளிவுபடுத்தல் வேண்டும். இலங்கையில் 92, 95 என்ற பெற்றோல் வகைகளைக் கண்டவர்கள், கனடாவின் 87 அதனிலும் தரங்குறைந்தது என்று எண்ணுகின்றனர். உண்மையில் அளக்கும் முறைதான் வேறு. ஒக்டேனை அளக்க இருவகைச் சோதனைகள் உள்ளன. இலங்கையில் எழுதப்படுவது அவற்றுள் கூடிய எண்ணைத் தரும் சோதனையின் பெறுபேறு. இங்கு எழுதப்படுவது இரண்டினதும் சராசரி. இங்குள்ள 87 அங்குள்ள 92க்கும், இங்குள்ள 91 அங்குள்ள 95க்கும் ஏறத்தாழச் சமமானவை.

சொகுசு எஸ்.யு.வி. வாங்குபவர் முதலிற் பார்க்க வேண்டியது வாகனக் கையேட்டை. பல வாகனங்களில் எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் இவ்விபரம் ஒட்டப்பட்டிருக்கும். அங்கே இரண்டு ஆங்கிலச் சொற்களை வேறுபடுத்தி அறிதல் அவசியம். ‘றிக்குவயர்ட்’ என்றிருந்தால் 91 கட்டாயம், மேர்சிடிஸ் ஜி.எல்.ஈ. போன்றவை இவ்வகையின. ‘றெக்கமென்டட்’ என்றிருந்தால் அது பரிந்துரை மட்டுமே, அக்யுரா எம்.டி.எக்ஸ். இதற்கு உதாரணம். இரண்டும் இல்லாமல் 87 என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால், 91 ஊற்றுவதால் எப்பயனும் இல்லை. 2016 முதல் 2022 வரை வெளிவந்த லெக்ஸஸ் ஆர்.எக்ஸ். 350 இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. இவ்வாகன வரிசை 2003 முதல் எமது மாகாணத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் தயாரிக்கப்பட்டு வருகின்றது.

பரிந்துரை மட்டுமே உள்ள வாகனங்களை அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017இல் சோதித்தது. விலை கூடிய பெற்றோலினால் எரிபொருட் சிக்கனம் சராசரியாக 2.7 சதவீதமும், வலு 1.4 சதவீதமும் மட்டுமே உயர்ந்தன. மிகக் கூடிய பயன் பெற்றது கடிலாக் எஸ்கலேட். அதன் சிக்கனம் 7.1 சதவீதம் உயர்ந்தது. பாரம் இழுப்பவருக்கும், மலைப்பாதையில் அடிக்கடி செல்பவருக்கும் இது ஓரளவு உதவலாம். நகருக்குள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்குபவருக்கு இந்தச் சிறு பயன் விலை வித்தியாசத்தை ஈடுசெய்யாது.

அதேவேளை, 91 கட்டாயமான வாகனத்தில் தொடர்ந்து 87 ஊற்றி மிச்சம் பிடிக்க நினைப்பதும் பிழையே. இயந்திரத்திலுள்ள உணரி தட்டொலியை அறிந்து தீப்பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளும். இதனால் வலுவும் சிக்கனமும் குறையும். பழுது ஏற்படின் உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகலாம். ஒருமுறை தவறுதலாக 87 நிரப்பிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. வேகத்தைக் கூட்டாமல் நிதானமாக ஓட்டி, அடுத்த தடவை 91 நிரப்பினாற் போதும். இந்தச் செலவு தாங்காது என்று தோன்றினால், அதனைச் சிந்திக்க வேண்டிய இடம் வாகனம் விற்கும் நிலையம். வாங்கிய பின்னர் சிந்திப்பதாற் பயனில்லை.

டீசல் வாகனத்தை நாடுபவரும் உளர். டீசல் இயந்திரம் சிக்கனமானது. அதற்கு ஒக்டேன் கணக்கும் இல்லை. எனினும் கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடியை அடைத்துவிடும். குளிர்காலத்துக்கென விற்கப்படும் டீசலையே நிரப்ப வேண்டும். வொக்ஸ்வாகன் குழுமத்தின் புகைச் சோதனை மோசடி 2015இல் அம்பலமானபோது, டுவரெக், அவுடி க்யு7 ஆகிய எஸ்.யு.வி.க்களும் அதில் அகப்பட்டன. பாவித்த டீசல் வாகனம் வாங்குவோர் திருத்தப் பதிவுகளைக் கேட்டுப் பெறுதல் நன்று. நின்று நின்று செல்லும் நகர ஓட்டத்துக்கு, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைபிரிட் வகை பெரும்பாலும் பொருத்தமானது.

இவை அனைத்தையும் அன்று அக்குளிரில் நின்று சொல்ல இயலவில்லை. கையேட்டைத் திறந்து பார்க்கும்படி மட்டும் கூறினேன். இரு வாரங்களின் பின் தொலைபேசியில் அழைத்தார். 87 நிரப்பியதாகவும், இரண்டு கிழமையாகக் காது கொடுத்துக் கேட்டும் இயந்திரத்தில் எந்தத் தட்டலும் இல்லையென்றும் சொன்னார். சற்று மௌனமாயிருந்துவிட்டு, “அம்மாவுக்கு மாதா மாதம் அனுப்புற காசைக் கொஞ்சம் கூட்டலாம், சேர்” என்றார்.