பலனை அளந்து பணம்: பெரு நாட்டு கோகோ விவசாயிகளின் அனுபவம்

பால் சங்கத்தில் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. கொழுப்புச் சத்து எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று சோதித்து அதற்கேற்பப் பணப் பட்டுவாடா நடக்கிறது. விவசாயிகளுக்கென வரும் பயிற்சித் திட்டங்களில் நிலைமை பெரும்பாலும் வேறு. எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேருக்கு நாற்று வழங்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினால் செலவு ஒப்புக்கொள்ளப்படும். மகசூல் கூடியதா என்று மறுபடி வயலுக்கு வந்து பார்ப்போர் குறைவு.

பலன் கிடைத்த அளவுக்கே பணம் என்ற முறை, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 2015-ஆம் ஆண்டு சிறிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கு ஏனே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் அஷானின்கா பழங்குடி மக்கள் கோகோ, காப்பி பயிரிடும் சிறு விவசாயிகள். 'கெமித்தோ ஏனே' என்ற சொந்தச் சங்கத்தின் மூலம் விளைபொருளை விற்கிறார்கள். 2013-இல் பெரு நாட்டுக் காப்பித் தோட்டங்களை இலைத்துரு நோய் கடுமையாகத் தாக்கியது. (1869-இல் இலங்கையில் பதிவு செய்யப்பட்டு, காப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டதும் இதே நோய்தான்.)

ஏற்பாடு இதுதான். அமெரிக்காவின் ஷ்மிட் குடும்ப அறக்கட்டளை முன்பணம் போட்டது. பிரிட்டனைச் சேர்ந்த மழைக்காடு அறக்கட்டளை வேலையை நடத்தியது. பலன் கிடைத்தால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாக, பண்டங்களுக்கான பொது நிதியம் என்ற பன்னாட்டு அமைப்பு ஒப்புக்கொண்டது. தொகை 1,10,000 டாலர். வேலை நடத்தியவர்களே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. அளக்கும் பொறுப்பு நெதர்லாந்து நாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றிடம் விடப்பட்டது.

நான்கு இலக்குகள் எழுதப்பட்டன. உறுப்பினரில் 60 சதவீதம் பேர் சங்கத்துக்குத் தரும் கோகோவைக் குறைந்தது 20 சதவீதம் கூட்ட வேண்டும். 60 சதவீதம் பேர் எக்டருக்கு 600 கிலோ (ஏக்கருக்குச் சுமார் 240 கிலோ) மகசூல் எடுக்க வேண்டும். சங்கம் ஆண்டில் 35 டன் கோகோ வாங்கி விற்க வேண்டும். 40 விவசாயிகள் தலைக்கு அரை எக்டரில் துருநோய் தாங்கும் காப்பி நட வேண்டும்.

சங்கத்தின் விற்பனையும் காப்பி நடவும் இலக்கை எட்டின. மற்ற இரண்டும் முழுமையாக எட்டவில்லை. திரும்பி வந்த பணம் சுமார் 75,000 டாலர். குறைந்த தொகை பணம் போட்ட அறக்கட்டளையின் நஷ்டம். விவசாயியின் தலையில் விழவில்லை. இம்முறையில் பாராட்டத்தக்க அம்சம் இதுவே.

ஆனால் எவை எட்டின, எவை எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டன் கணக்கு சங்கத்தின் எடைப் பதிவேட்டில் இருக்கிறது. நட்ட செடியைத் தோட்டத்தில் எண்ணிவிடலாம். எக்டர் மகசூல் அப்படியல்ல. கோகோ காய் ஒரே நாளில் பறிக்கப்படுவதில்லை. பல மாதம் தவணை தவணையாக வருகிறது. தோட்டத்தின் பரப்பு சரியாகத் தெரியாவிட்டால் கணக்கே தவறிவிடும். கவாத்து, நிழல் சீரமைப்பு ஆகியவற்றின் பலன் அடுத்த பருவங்களில்தான் தெரியும். ஒப்பந்தமோ ஓராண்டுக்கும் குறைவு. புதிதாக நட்ட காப்பி காய்ப்புக்கு வரவே சுமார் 3 ஆண்டு பிடிக்கும். ஆகவே காப்பியில் அளக்கப்பட்டது நடவு மட்டுமே, விளைச்சல் அல்ல. கூட்டத்தை எண்ணுவதைவிட இது மேல்தான். ஆனாலும் நாற்றை எண்ணுவதற்கு ஒரு படி அருகில்தான் நிற்கிறது.

வேறொரு ஆபத்தும் உண்டு. இலக்கைத் தொட்டால்தான் பணம் என்றால், நடத்துபவர் ஏற்கெனவே நன்றாகச் செய்யும் விவசாயியைத் தேடிப் போவார். பின்தங்கியவர் மேலும் பின்தங்குவார். எந்தக் கிராமம், யார் யார் என்பதை வேலை தொடங்கும் முன்பே பெயருடன் எழுதி, அன்றைய மகசூலையும் குறித்து வைத்தால் இதைத் தடுக்கலாம். மழை பொய்த்த ஆண்டில், திட்டத்தில் சேராத பக்கத்து ஊரின் மகசூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நியாயம்.

அளவை நம்பிப் பணம் தரும் முறை நம் ஊரிலும் பயிர்க் காப்பீட்டில் இருக்கிறது. நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரத்தில் அறுத்து எடை போடுவதை வைத்து முழுப் பகுதிக்கும் சராசரி மகசூல் கணக்கிடப்படுகிறது. உங்கள் பகுதியில் இந்த அறுவடைப் பரிசோதனை எந்த நாளில், எந்த வயலில் நடக்கிறது என்பதை வேளாண்மை உதவி அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, நேரில் சென்று பார்ப்பது நல்லது.