ஓடுவது பெரிதன்று, நிற்பதே பெரிது

வேகமாக ஓடும் மோட்டார் வண்டியைக் கண்டு வியவாதார் இலர். அதன் எஞ்சினின் வலுவையும், மணிக்கு எத்தனை மைல் ஓடும் என்பதையும் பள்ளிச் சிறுவர்களுங்கூடத் தயங்காது சொல்வர். ஆனால், அவ்வண்டி எங்ஙனம் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வண்டியின் உயிர் எஞ்சினில் இருக்கிறதென்றால், அதில் ஏறியவர்களின் உயிர் பிரேக்கில் இருக்கிறது.

சிறிய காரொன்றை வாங்கி அதனை வேகமுள்ளதாக மாற்ற விழைவோர் முதலிற் கைவைப்பது எஞ்சினில். முன்சில்லுகளின் பிரேக்கை அவர்கள் நினைப்பது, ஏதோவொரு மலைச்சரிவில் மிதி காலின்கீழ் அமிழ்ந்து நெஞ்சு திடுக்கிட்ட பின்னரேயாகும். இந்த வரிசை தவறானது என்பதை இங்கிலாந்தின் 'மினி' காருடைய வரலாறு நன்கு விளக்குகிறது. அதனைச் சற்றே நோக்குவோம்.

பத்தங்குலச் சில்லு

1956ஆம் ஆண்டிலே சூயெஸ் நெருக்கடி காரணமாகப் பிரித்தானியாவிற் பெற்றோல் அருமைப்பட்டது. குறைந்த பெற்றோலில் நால்வரைச் சுமந்து செல்லத்தக்க சிறிய காரொன்றை ஆக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959 ஓகஸ்ட் மாதத்தில் அந்தக் கார் வெளிவந்தது. பத்தடி நீளமே கொண்ட அதில் எஞ்சின் குறுக்காகக் கிடத்தப்பட்டிருந்தது. சில்லுகளின் குறுக்களவு பத்தே அங்குலம். எஞ்சினின் கொள்ளளவு 848 கன சென்ரிமீற்றர். வலு 34 பரிவலு. அந்த வலுவுக்கு நான்கு சில்லுகளிலும் பூட்டப்பெற்ற டிரம் பிரேக்குகள் போதியனவாகக் கருதப்பட்டன.

ஓட்டப்பந்தயக் கார்களை ஆக்கிப் புகழ்பெற்ற ஜோன் கூப்பர் இச்சிறு வண்டி வளைவுகளில் நிலைகுலையாது ஓடுவதைக் கண்டார். ஜாக் பிரபாம் ஓட்டிய கூப்பர் கார்கள் 1959இலும் 1960இலும் உலக வெற்றி ஈட்டியிருந்த காலம் அது. அவருடைய தூண்டுதலால் 1961இல் 'மினி கூப்பர்' பிறந்தது. எஞ்சின் 997 கன சென்ரிமீற்றராகவும், வலு 55 பரிவலுவாகவும் உயர்ந்தன. அதே வேளையில் முன்சில்லுகளின் டிரம் பிரேக்குகள் அகற்றப்பட்டு, ஏழங்குல டிஸ்க் பிரேக்குகள் பூட்டப்பட்டன. வலு ஏறும்போது தடையும் ஏறவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

வெப்பமே பகை

இதன் காரணத்தைப் பௌதிகம் பயிலும் மாணவர்கள் எளிதில் உணர்வர். ஓடும் பொருளின் இயக்கச் சக்தி அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி பன்னிரண்டு மீற்றர் தூரத்துள் நிற்குமாயின், அதே பிடிப்பில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது நிற்பதற்கு ஏறத்தாழ நாற்பத்தெட்டு மீற்றர் வேண்டும்.

அந்தச் சக்தி எங்கே போகிறது? பிரேக் அதனை உராய்வினால் வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களுடன் 700 கிலோகிராம் எடையுள்ள காரொன்றை 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது தோன்றும் வெப்பம், ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்கு மிக அண்மையிற் கொண்டுவரப் போதியது. சில நொடிகளுள் எழும் இவ்வெப்பம் முழுவதையும் பிரேக்குகளே தாங்கிக் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும்.

டிரம் பிரேக் மூடிய சட்டி போன்றது. அதனுள்ளே இருக்கும் கட்டைகள் வெளிப்புறமாக விரிந்து சட்டியின் உட்சுவரை அழுத்தும். சூடேறினால் சட்டி விரிந்து கட்டைகளை விட்டு விலகும். மிதி மேலும் கீழே இறங்கும். வெப்பமும் உள்ளேயே தங்கிவிடும். டிஸ்க் பிரேக்கிலோ, சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டொன்றை இரு புறமும் உராய்வுத் துண்டுகள் கவ்விப் பிடிக்கின்றன. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு நாணயத்தைப் பிடிப்பது போன்றது இது. தட்டு காற்றுப்படும்படி வெளியே இருக்கிறது. சூட்டினால் அது தடிக்குமானாலும் துண்டுகளை நோக்கியே தடிக்குமன்றி விலகிச் செல்லாது. லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1902ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், 1953இல் லே மான் நகரின் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே இதன் பெருமை உலகெங்கும் பரவியது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். வீதியைப் பற்றி நிற்பது டயரேயன்றிப் பிரேக் அன்று. நல்ல நிலையிலுள்ள பழைய பிரேக்கும் சில்லைப் பூட்டிவிட வல்லதாயின், பெரிய பிரேக்கினால் முதலாவது நிறுத்தத்தின் தூரம் அதிகம் குறைந்துவிடாது. இருபதாவது நிறுத்தமும் முதலாவதைப் போலவே அமையும் என்னும் உறுதியே பெரிய பிரேக்கின் பயன்.

முன்பக்கம் ஏன்?

பஸ் வண்டி திடீரென நிற்கும்போது நிற்பவர்கள் யாவரும் முன்னே சாய்வதைக் கண்டிருக்கிறோம். காரின் பாரமும் அவ்வாறே முன்சில்லுகளின் மீது சாய்கிறது. மினியிலோ எஞ்சினும் முன்பக்கத்திலேயே இருப்பதால் முன்சில்லுகள் ஏற்கெனவே பாரத்தின் பெரும் பங்கைத் தாங்குகின்றன. ஆகவே, நிறுத்தும் வேலையிற் பெரும் பகுதி அவற்றையே சாரும். பாரம் குறைந்த பின்சில்லுகள் முன்னவற்றுக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரம்போற் சுழன்றுவிடும். இதனைத் தடுப்பதற்காகவே மினியின் பின்பக்கத்துக்குச் செல்லும் எண்ணெயின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றையும் அமைத்தனர். பிரேக் என்பது நான்கு சில்லுகளுக்கும் இடையே உள்ள சமநிலை என்பது இதனாற் புலப்படும்.

ஏழரை அங்குலமும் மலைப்பாதையும்

ஏழங்குலத் தட்டும் விரைவிற் போதாததாயிற்று. 1963இல் வெளிவந்த 'கூப்பர் எஸ்' காரின் எஞ்சின் 1071 கன சென்ரிமீற்றர். வலு 70 பரிவலு. அதற்கு ஏழரை அங்குலக் குறுக்களவுள்ள தடித்த தட்டுகள் பொருத்தப்பட்டன. அரை அங்குலத்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணலாகாது. சுழலும் திரிகையை நிறுத்த வேண்டுவோர் அதன் நடு அச்சைப் பற்றுவதில்லை; விளிம்பையே பற்றுவர். தட்டு பெரிதாகப் பெரிதாக அதே பிடி அதிகப் பயன் தரும். வெப்பத்தைத் தாங்கும் உலோகமும் கூடும்.

மேலும், டிரம் பிரேக்கின் கட்டைகளுள் ஒன்றைச் சுழலும் சட்டி தானே இழுத்து இறுக்கிக் காலுக்கு உதவும். டிஸ்க் பிரேக்கில் இவ்வுதவி இல்லாமையால் மிதியை வலிந்து அழுத்த வேண்டும். எஞ்சினின் உறிஞ்சு விசையைக்கொண்டு காலுக்குத் துணைபுரியும் 'சேர்வோ' என்னும் உறுப்பு கூப்பர் எஸ் காரில் இக்குறையைப் போக்கியது.

மொண்டே கார்லோ ஓட்டப் போட்டியில், அல்ப்ஸ் மலையின் பனிபடர்ந்த வளைவுகளை இரவிற் கடந்து செல்லவேண்டும். பெயர்பெற்ற துரினிக் கணவாய் 1607 மீற்றர் உயரத்தில் உள்ளது. நாம் முன்னர் கூறிய 700 கிலோகிராம் கார் ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து கீழிறங்கும்போது விடுபடும் சக்தி, 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இருபத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். இத்தகைய பாதையில் 1964இல் பாடி ஹொப்கிர்க், 1965இல் திமோ மெக்கினன், 1967இல் ரவுனோ ஆல்டோனன் ஆகியோர் மினி கூப்பர் எஸ் கார்களில் முதலிடம் பெற்றனர். 1966இலும் மினிகளே முந்தி வந்தன. விளக்குகள் விதிக்கு அமையவில்லையெனக் கூறி அவற்றை விலக்கிவிட்டனர். வெற்றிக்குக் காரணங்கள் பலவெனினும், நிறுத்த முடியும் என்னும் நம்பிக்கை இல்லாத சாரதி மலைச்சரிவில் வேகத்தைக் காட்டத் துணியான்.

1984 முதல் சாதாரண மினிகளும் 12 அங்குலச் சில்லும் 8.4 அங்குலத் தட்டும் பெற்றன. 2000ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. ஆயினும், பழைய மினிகளைப் பேணி ஓட்டுவோர் இன்றும் பலர் உளர். முன்பிரேக்கை மேம்படுத்துவதே அவர்கள் செய்யும் திருத்தங்களுள் முக்கியமானது.

மாற்ற விரும்புவோருக்கு

முதலில், இருப்பதைச் செம்மை செய்தல் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 'டொட் 4' என்னும் தரத்தின்படி புதிய எண்ணெயின் கொதிநிலை 230 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது. ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அதே தரம் விதிக்கும் எல்லை 155 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி எளிதிற் சுருங்குவதால் மிதி அடிவரை சென்றும் பிரேக் பிடிக்காது. மேலும், ஆரம்பகால மினிகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான் உண்டு. ஓர் இறப்பர்க் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். ஆகவே, பழைய எண்ணெயையும் வெடிப்புக் கண்ட குழாய்களையும் மாற்றாமற் பெரிய தட்டை வாங்குவது, அத்திவாரத்தைப் பாராமல் மாடி கட்டுவதை ஒக்கும்.

இரண்டாவது, தட்டின் அளவைச் சில்லு தீர்மானிக்கும். 8.4 அங்குலத் தட்டுக்கு 12 அங்குலச் சில்லு தேவை. பத்தங்குலச் சில்லையே வைத்திருக்க விரும்புவோர் ஏழரை அங்குலத் தட்டை நாடலாம். அச்சில்லினுள் அடங்கும் நான்கு முசல அலுமினியக் கவ்விகளும் இன்று கிடைக்கின்றன. எதுவாயினும் இரு பக்கமும் ஒன்றாகவே மாற்றப்பட வேண்டும்.

மூன்றாவது, கவ்வியின் முசலங்கள் பெரிதானால் அவற்றைத் தள்ள அதிக எண்ணெய் வேண்டும். மிதி அதிக தூரம் இறங்கும். மாஸ்டர் சிலிண்டர் அதற்குப் பொருந்துமா என்று பார்த்தல் அவசியம். பின்பக்கத்தின் சமநிலையையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

நான்காவது, பந்தயத்துக்கென ஆக்கப்பட்ட உராய்வுத் துண்டுகள் சூடேறிய பின்னரே நன்கு பற்றும். காலையில் வீட்டு வாசலைவிட்டுப் புறப்படும் காருக்கு அவை ஆகா. புதிய துண்டுகளை மிதமான வேகத்திற் பலமுறை அழுத்தி, இடையிடையே ஆறவிட்டுத் தட்டுடன் பழக்கிய பின்னரே முழு நம்பிக்கை வைக்கலாம்.

ஈற்றில், குடும்பத்தார் யாவரும் அறியவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக்கூடும். அந்தத் தூசை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதலாகாது. சிறுவர்களை அருகில் விடலாகாது. வேலை முழுவதையும் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் விடுவதே அறிவுடைமை.

அறுபது ஆண்டுகளுக்கு முன் மலைப்பாதைகளில் வாகை சூடிய அந்தச் சின்னஞ்சிறு காரை நினைக்கும்போதெல்லாம் அதன் வேகத்தையே பேசுகிறோம். எஞ்சின் வளர்ந்த ஒவ்வொரு படியிலும் அதனை ஆக்கியோர் பிரேக்கையும் வளர்த்தனர் என்பதே நாம் அதனிடம் கற்க வேண்டிய பாடம். காருக்கு மேலும் வலுவூட்ட விழையும் இளைஞர் முதலில் அதன் முன்சில்லைக் கழற்றிப் பார்ப்பாராக. வீட்டிலே அவர் வரவை எதிர்பார்த்திருப்போருக்கு அவர் எத்தனை மைல் வேகத்தில் வந்தார் என்பது பொருட்டன்று. வந்து சேர்ந்தார் என்பதே பெரிது.