நினைவக அட்டையும் உடைமையுறவும்: லினக்ஸ் பற்றிய ஒரு குறிப்பு

லினக்ஸ் பணிசெயல் முறைமை நினைவக அட்டையொன்றை 'அறிதல்' என்பது இரு வேறு செயல்களைக் குறிக்கும். முதலாவது, அட்டை செருகப்பட்டதும் முறைமையின் கருவாகிய கேர்னல் அதனை ஒரு சாதனமாக இனங்கண்டு பெயரிடுதல். இரண்டாவது, அட்டையிலுள்ள கோப்பு முறைமையை விளங்கி, அதனைத் தனது கோப்பகக் கட்டமைப்புடன் இணைத்தல். முதலாவது நிகழ்ந்தும் இரண்டாவது நிகழாமையே பயனர் பலர் நீண்டகாலம் எதிர்கொண்ட இடர்ப்பாடாகும்.

இதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு மாத்திரமன்று. 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட அட்டைகளுக்கென 2009 இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. நியமம், மைக்ரோசொஃப்ற் நிறுவனத்தின் ஆக்கவுரிமைக்குட்பட்ட எக்ஸ்ஃபற் கோப்பு முறைமையையே விதித்தது. அதனை வாசிக்கும் செய்நிரல் தன்னார்வ உழைப்பால் உருவாகியபோதும், சட்டத்துக்கு அஞ்சி லினக்ஸ் வெளியீடுகள் சில அதனை உள்ளடக்கவில்லை. அட்டையை லினக்ஸுக்குரிய கோப்பு முறைமைக்கு மாற்றலாம். ஆயின், கமரா அதனை வாசிக்காது.

2019 ஓகஸ்றில் அந்நிறுவனம் எக்ஸ்ஃபற்றின் விவரக்குறிப்பை வெளியிட்டு, அது கேர்னலிற் சேர்க்கப்படுவதற்கும் ஆதரவளித்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 5.4 ஆம் பதிப்பு முதன்முதலாக அதனை ஏற்றது. 2020 இல் வந்த 5.7 ஆம் பதிப்பில் சம்சுங் நிறுவனத்தாரின் செம்மையான ஆக்கம் இடம்பெற்றது. இதனை வள்ளன்மை எனக் கொள்ளல் பொருந்தாது. மேகக் கணிமை வணிகத்தில் லினக்ஸ் அந்நிறுவனத்துக்கே இன்றியமையாததாகியிருந்தது. தான் பிடித்த படத்தைத் தன் கணினியிலேயே ஒருவர் திறக்கவியலாதிருந்த அப்பத்தாண்டுகள், கருவியின் ஆற்றலை உடைமையுறவும் வரையறுக்கின்றது என்பதை உணர்த்துகின்றன.