மூன்றாம் பேட்டையின் ஜனங்கள்

யுத்தத்தின் அழிவை நேராகக் காட்டிய ஜப்பானியப் படங்களைப் பற்றி இதுவரை பேசி வந்த நாம், அவ்வழிவு கழிந்து பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு டோக்கியோ நகரத்துச் சாமானிய ஜனங்கள் ஒரே தெருவில் எப்படிக் கூடி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும் படம் ஒன்றுக்கு இப்போது வந்திருக்கிறோம். சைகன் ரியோஹெய் 1974 முதல் வரைந்து வந்த சித்திரக் கதையைத் தழுவி, யாமசாகி தகாஷி 2005-இல் இயக்கிய ‘ஆல்வேஸ்: மூன்றாம் பேட்டையின் அந்திச் சூரியன்’ என்பது அது.

கதை நிகழும் வருஷம் 1958. தாழ்ந்த ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால், 333 மீட்டரை எட்டப்போகும் டோக்கியோ கோபுரம் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டிருக்க, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளோடு வடக்கே அவோமோரியிலிருந்து ரயிலேறி வரும் முத்சுகோ என்ற பெண், பெரியதொரு மோட்டார் கம்பெனியில் காரியதரிசி உத்தியோகம் காத்திருப்பதாக நம்பி வந்து, சுசுகி என்பவருடைய சின்னஞ்சிறு பட்டறையின் வாசலில் திகைத்து நிற்கிறாள்.

அந்த வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அன்று, ரிகிதோசானின் மல்யுத்தத்தைக் காணத் தெரு முழுவதும் திரண்டு விடுகிறது. பின்னர் குளிர்சாதனப் பெட்டியும் வருகிறது. இனி வேண்டாமென்று வெளியே போடப்பட்ட பழைய ஐஸ் பெட்டியை, அதற்கு நாள்தோறும் பனிக்கட்டி கொண்டுவந்து ஜீவனம் நடத்திய வியாபாரி ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்து நிற்கிறார். ஒரு வீட்டின் சௌகரியம் இன்னொருவர் வயிற்றைத் தொடுவதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய படம் வேறொன்றை நான் கண்டதில்லை.

கடந்த காலத்துக்குச் சர்க்கரை பூசிய படம் என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. அவர்கள் டாக்டர் தகுமாவை மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தெருப் பிள்ளைகள் கண்டு அஞ்சும் அந்த மனிதர், ஓரிரவு மது மயக்கத்தில், மகளுக்கென்று வாங்கிய சுட்ட கோழியிறைச்சிப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிறார். மனைவியும் மகளும் விளக்கொளியில் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். விழித்துப் பார்த்தால் அவர் கிடப்பது வெட்டவெளி, அவ்விருவரும் யுத்தகாலக் குண்டுவீச்சிலேயே மாண்டு போனவர்கள். அத்தெருவாரின் சிநேகம் வெறும் வறுமையின் சிநேகமன்று; இழப்பை அறிந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பரிவு அது. இதை உணர்ந்தபின், இறுதியில் அவர்கள் பார்க்கும் அஸ்தமனத்தின் அழகைச் சர்க்கரையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் பாகம் 2007-இலும், 1964-ஆம் வருஷத்து ஒலிம்பிக் காலத்தில் நிகழும் மூன்றாம் பாகம் 2012-இலும் வெளிவந்தன. அவற்றை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் முதல் பாகம் காணக் கிடைக்குமானால், டாக்டர் வீடு திரும்பும் காட்சியை மாத்திரம் தவற விட்டுவிடாதீர்கள்.